தகப்பனார் கையொப்பம்

டன்லப் தெரு, சிங்கப்பூர்
10 செப்டம்பர் 1961, ஞாயிறு இரவு

காக்கா,

கடிதத்தின் முதல் வரியில் நலம் விசாரிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். கூடப் பிறந்த அண்ணனிடம் அதைக் கேட்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. ஏழு நாள் கழித்து, உங்கள் பந்தயம் முடிந்த பிறகு கேட்கிறேன்.

அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். வாப்பா புரண்டு படுத்தால் கட்டில் பலகை சத்தம் போடும். உடனே தாளின்மேல் சரித்திரப் புத்தகத்தை வைத்துவிடுவேன். கண்ணில் புரை விழுந்தவருக்குக் கடிதம் எது, பாடம் எது என்று தெரியப்போவதில்லை. இருந்தாலும் மறைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை என் பள்ளிக்கூட வாசலில் நீங்கள் நீட்டிய அந்தத் தாளைப் பற்றித்தான் எழுத வேண்டும். உங்களைப் பந்தயத்தில் ஓட்ட வைக்கும் பல் டாக்டர் லோவின் கார் தெருவோரம் இயந்திரம் ஓடியபடி நின்றது. நீங்கள் தாளைச் சுவரில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, "வாப்பா பேரைப் போடு சம்சு, ரிப்போர்ட் புக்ல போடுறதுதானே" என்றீர்கள். நானும் போட்டுவிட்டேன். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று போட்ட பிறகுதான் படித்தேன். இருபத்தொரு வயது நிரம்பாத என் மகன் கார்ப் பந்தயத்தில் ஓட்டச் சம்மதிக்கிறேன், அவனுக்குக் காயமோ மரணமோ நேர்ந்தால் யாரையும் பொறுப்பாக்க மாட்டேன். அதன் கீழே தகப்பனார் கையொப்பம் என்ற இடத்தில் என் கை.

ரிப்போர்ட் புத்தகத்திலும் வாடகைச் சீட்டிலும் நான் போடுவது வேறு, காக்கா. வாப்பா பக்கத்தில் இருந்து, "நீயே போட்டுடும்மா" என்று சொன்ன பிறகு போடுவது அது. இது அவர் சொல்லாமல் போட்டது. அதுவும் எதற்கு? பந்தயம் என்றாலே சூது, சூது ஹராம் என்று எந்தக் காரியத்துக்காக உங்களை வீட்டை விட்டு அனுப்பினாரோ, அதற்கு.

அவருக்குத் தெரிந்தால் முதலில் பள்ளிக்கூடத்தை நிறுத்துவார். அதற்குப் பிறகு என்ன செய்வார் என்று நினைக்கத் தெரியவில்லை. உங்களிடமாவது நான் பேசுவேன். என்னையும் அனுப்பிவிட்டால் என்னிடம் யார் பேசுவார்கள்? இடையில் வந்து நிற்க உம்மாவும் இல்லை.

அந்தத் தாளைத் திரும்ப வாங்க முடியுமா? பதிலை என் சிநேகிதி கமலாவின் நகைக்கடை முகவரிக்கே அனுப்புங்கள்.

சம்சுன்னிசா

~

பாலஸ்டியர் சாலை
19 செப்டம்பர் 1961

சம்சு,

இனி நீ நலம் கேட்கலாம். கை, கால், தலை எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. ஒன்பதாவதாக வந்தேன்.

கிளம்பியது பதினெட்டு கார், முடித்தது பதினொன்று. என்னுடையது டாக்டர் லோவின் மோரிஸ். தினமும் அதில்தான் அவர் பல் பிடுங்கப் போகிறார். பின் இருக்கையைக் கழற்றிப் பட்டறையில் போட்டுவிட்டு, முன் விளக்குக் கண்ணாடி உடைந்து சிதறாமல் குறுக்கே நாடா ஒட்டி, கதவில் சுண்ணாம்பால் எண் எழுதினால் அது பந்தயக் கார். ஞாயிறு மாலையே சுண்ணாம்பைக் கழுவிவிட்டோம். திங்கட்கிழமை ஒரு பாட்டி அதில் ஏறிப் பல் கட்டப் போனாராம்.

தாம்சன் சாலையில் தூறல் விழுந்ததும் முன்னால் போகிறவன் டயர் தெளிக்கிற தண்ணீர் மட்டும்தான் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். பயமா என்று கேட்பாய். காருக்குள் இருக்கும்போது இல்லை. இறங்கிய பிறகு கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒலிபெருக்கியில் என் பெயர் வரவில்லை. அச்சடித்த தாளில் டாக்டர் பெயர் இருந்ததால் அதையே சொன்னார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை.

வாப்பா சொல்கிற சூது எங்கே என்று தேடிப் பார்த்தேன். என்மேல் ஒரு ஆளும் பணம் கட்டவில்லை. கட்டியிருந்தால் அந்த ஆள் பாவம்.

கையெழுத்தை மறந்துவிடு. அந்தத் தாள் பந்தயக் கிளப்பில் ஓர் இரும்பு அலமாரிக்குள் இருக்கிறது. நான் சாகாதவரை அதை எடுத்துப் பார்க்க யாருக்கும் வேலை இல்லை.

அலீம்

~

டன்லப் தெரு
2 மார்ச் 1962, வெள்ளி இரவு

காக்கா,

"நான் சாகாதவரை" என்பதை நீங்கள் சிரித்துக்கொண்டே எழுதியிருப்பீர்கள். ஆறு மாதமாக அந்த வரிதான் எனக்குத் துணை.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். காலையில் பள்ளிக்குப் போகுமுன் வாப்பாவுக்கு ஆங்கிலப் பத்திரிகையை வாசித்துத் தமிழில் சொல்வேன் அல்லவா? விளையாட்டுப் பக்கம் வந்ததும் மடித்துக் கீழே வைத்துவிடுகிறேன். "இன்னைக்குப் பேப்பர் சின்னதா இருக்கே" என்கிறார். ஆமாம் என்கிறேன். அந்தப் பக்கத்தைத்தான் அவர் தேக்கா சந்தைக் கடைக்கு எடுத்துப் போய் மிளகாய்த்தூள் மடித்துக் கொடுக்கிறார். ஜொகூரில் நீங்கள் ஏழாவதாக வந்த செய்தி எந்த வீட்டு அடுப்படிக்குப் போனதோ.

வருகிற வாரம் நோன்புப் பெருநாள். தொழுகை முடிந்து வந்ததும் அவர் மனம் இளகியிருக்கும். அன்றைக்கு வாருங்கள். சலாம் சொல்லுங்கள். தாளைப் பற்றி நீங்களே சொல்லிவிடுங்கள். உங்கள் வாயால் கேட்டால் என்னைக் குறைவாகத்தான் கோபிப்பார். நானாகச் சொல்ல எத்தனையோ முறை வாயைத் திறந்தேன். தண்ணீர் வேண்டுமா வாப்பா என்றுதான் வந்தது.

சம்சு

~

பாலஸ்டியர் சாலை
15 மார்ச் 1962

சம்சு,

வந்தேன்.

புதுச் சட்டை போட்டுக்கொண்டு டன்லப் தெரு முனைவரை வந்தேன். வாப்பா பள்ளிவாசலில் இருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார். எனக்கு நாலு வீடு தள்ளி நின்று ஒருவரைக் கட்டித் தழுவி, கையைப் பற்றி முசாபஹா செய்தார். அந்த ஆளை யாரென்று அடையாளம் தெரியாமல், குரலைக் கேட்ட பிறகுதான் சிரித்தார். என்னையும் அப்படித்தான் கட்டிக்கொள்வார், நான் வாயைத் திறந்ததும் கையை எடுத்துவிடுவார் என்று தோன்றியது. திரும்பிவிட்டேன். கோழை என்று நினைத்துக்கொள். மணிக்கு எண்பது மைலில் வளைவுக்குள் போகிறவன்தான் நான்.

வேலையைப் பற்றிச் சொல்கிறேன். டாக்டர் இப்போது இன்னொரு வேகமான கார் வாங்கியிருக்கிறார். வெள்ளி, சனி இரண்டு நாள் ஒத்திகையில் அதை நான்தான் ஓட்டுகிறேன். எங்கே பிரேக் மிதிக்கலாம், எந்த இடத்தில் தார் வழுக்குகிறது என்று பார்த்து வைக்க வேண்டும். நான் போடுகிற நேரம் டாக்டர் பெயரில் பதிவாகும். ஞாயிற்றுக்கிழமை அவர் என் நேரத்தால் கிடைத்த முன் வரிசையில் போய் நிற்பார். நான் பின் வரிசையில் மோரிஸில் இருப்பேன். இந்த ஊரில் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் கார் வாங்கக் கூடியவர்கள். மீதிப் பேர் என்னைப் போல.

அலீம்

~

20 மார்ச் 1962

தெரு முனைவரை வந்தீர்கள். அங்கிருந்து எங்கள் கதவுக்கு முப்பது அடி இருக்குமா? பிரியாணி ஆறும்வரை நான் கதவுப் பக்கமே நின்றிருந்தேன். நீங்கள் வருவதாக வாப்பாவிடம் சாடையாகச் சொல்லியும் வைத்திருந்தேன். அவரும் சாப்பிடாமல் காத்திருந்துவிட்டு, "சரி, வையி" என்றார். 

நீங்கள் பயந்ததை நீங்கள் விட்டுவிட்டுப் போகலாம். நான் பயப்படுவதோடு ஒரே வீட்டில் இருக்கிறேன். இனி எழுத மாட்டேன்.

~

மக்காவ்
20 நவம்பர் 1962

சம்சு,

இது நீ பதில் போடாத ஐந்தாவது கடிதம். கமலா உன்னிடம் கொடுக்கிறாளா, அல்லது நீ வாங்கி அடுப்பில் போடுகிறாயா தெரியவில்லை. எப்படியானாலும் எழுதுகிறேன். எனக்கு எழுத வேறு ஆள் இல்லை.

கப்பலில் கார்களோடு வந்தோம். டாக்டர் பெரிய ஓட்டலில் தங்கினார். நானும் இரண்டு சீன மெக்கானிக்குகளும் டயர்களோடு ஒரே அறையில். அவர்கள் நல்லவர்கள், ஆனால் பேசுவது எனக்குப் புரியாது. மூன்று நாள் நான் தமிழில் ஒரு சொல் பேசவில்லை. நேற்று ஸ்பானரைக் காலில் போட்டுக்கொண்டபோது மட்டும் பேசினேன்.

பந்தயத்தைச் சொல்கிறேன். கடைசி ஆறு சுற்றில் டாக்டர் மூன்றாவது, நான் நாலாவது. அவர் களைத்துவிட்டார். கடலோர வளைவில் ஒவ்வொரு முறையும் அகலமாகப் போய் எனக்கு உள்பக்கம் திறந்து விட்டார். ஒரு பேருந்து நுழையலாம். முதல் நாள் இரவே சொல்லியிருந்தார்: "முன்னால் நான் இருந்தால் நீ பின்னால் இரு, மற்றவனை விடாதே." ஆறு சுற்றும் அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனேன். அவர் கோப்பையோடு படம் எடுத்துக்கொண்டார். என்னையும் கூப்பிட்டார், நல்ல மனிதர். நான் பிரேக் சூடாக இருக்கிறது என்று சொல்லிக் காருக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன்.

எனக்காக ஓட்டினால் ஜெயிப்பேனா என்று எனக்குத் தெரியாது, சம்சு. தெரிந்துகொள்ளும்வரை விட முடியவில்லை. வாப்பா சொல்கிற சூது இதுதானோ என்னவோ.

அலீம்

~

டன்லப் தெரு
28 ஏப்ரல் 1963, ஞாயிறு இரவு

காக்கா,

கோபத்தை விட்டு எழுதுகிறேன். கை எப்படி இருக்கிறது? பந்தயத்தில் கார் தீப்பிடித்து முழங்கைவரை தீக்காயம் என்று கிளப்பின் கடிதத்தில் இருந்தது. நீங்கள் தாமதமாகப் பிரேக் பிடித்தீர்கள், வேறு யார் பிழையும் இல்லை என்றும் இருந்தது.

அந்தக் கடிதம் வந்த காலையைச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் வாப்பா பெயருக்கு வந்தது. அவர் சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், "படிம்மா, வரிக்காரனா?" என்றார். முதல் வரியிலேயே உங்கள் பெயர். ஜொகூர் பாரு மருத்துவமனையில் இருக்கிறீர்கள் என்பது இரண்டாவது வரி. மூன்றாவது வரி: தாங்கள் கையொப்பமிட்டுத் தந்த சம்மதப் பத்திரத்தின்படி.

நான் படிக்காமல் இருந்தால் அவர் உங்களைப் பார்க்க வர மாட்டார். படித்தால் என்னைப் பார்ப்பார். தாளை மடித்தேன், மறுபடி பிரித்தேன். "என்ன புள்ள, ஊமையாயிட்டே" என்றார். முதல் இரண்டு வரியையும் தமிழில் சொன்னேன். மூன்றாவது வரியை விட்டுவிட்டேன். மருத்துவமனை முகவரியைச் சொன்னேன். அவர் மிளகாய் மூட்டையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு ஜொகூர் பேருந்துக்குப் போனார்.

மறுநாள் மாலை வந்தார். உயிருக்குப் பயமில்லை என்று மட்டும் சொன்னார்.  ஆனால் அன்றிரவு வாடகைச் சீட்டு வந்தபோது வழக்கம்போலப் பேனாவை எடுத்தேன். "குடு, நானே போடுறேன்" என்றார். பூதக்கண்ணாடியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு போட்டார். கோட்டை விட்டுச் சரிந்து சீட்டின் ஓரம்வரை போனது.

அன்றிலிருந்து எல்லாவற்றிலும் அவரே போடுகிறார். பத்திரிகை வாசிக்கவும் என்னைக் கூப்பிடுவதில்லை. சந்தையில் யாரோ தமிழ்ப் பத்திரிகை வாசித்துச் சொல்கிறார்களாம். திட்டவில்லை, அடிக்கவில்லை, சோறு போட்டால் சாப்பிடுகிறார். பள்ளிக்கூடத்தை நிறுத்தவும் இல்லை, இன்னும். தினமும் காலையில் சீருடையைப் போடும்போது இன்றைக்குச் சொல்வார் என்று காத்திருக்கிறேன்.

அங்கே என்ன பார்த்தார்? தயவுசெய்து மறைக்காமல் எழுதுங்கள்.

சம்சு

~

ஜொகூர் பாரு
20 மே 1963

சம்சு,

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறியதுபோல் இருந்தால் பொறுத்துக்கொள்.

வாப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கட்டுப் போட்ட கையைத் தொடாமல் மேலே காற்றில் தடவினார். அப்போது கிளப்பில் இருந்து ஒருவர் பத்திரத்தோடு வந்தார். இது உங்களுடையதுதானே என்று மலாயில் கேட்டார். வாப்பா சட்டைப்பையில் இருந்து பூதக்கண்ணாடியை எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான்தான் போட்டேன் என்று சொல்ல நினைத்தேன். என் கையெழுத்து அவருக்குத் தெரியும், நம்ப மாட்டார்.

போகும்போது, "கை ஆறினதும் வேற வேலை பாரு" என்றார். நான் சரி என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அன்றே வீட்டுக்குக் கூட்டிப் போயிருப்பார் என்று நினைக்கிறேன். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

உன்னை இதில் இழுத்துவிட்டது நான். மன்னிப்புக் கேட்க வலது கை ஆறட்டும்.

அலீம்

~

கோலாலம்பூர்
9 பிப்ரவரி 1964

சம்சு,

எனக்கு இருபத்தொன்று முடிந்துவிட்டது. இனி என் பத்திரத்தில் நானே கையெழுத்துப் போட்டால் போதும். போன வாரம் முதன்முதலாகப் போட்டேன். கிளப்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

டாக்டர் லோ கார்களை விற்றுவிட்டார், மனைவி பயப்படுகிறாராம். நான் இப்போது யார் கூப்பிட்டாலும் போகிறேன். ஈப்போவில் ஒரு டயர் வியாபாரியின் ஆங்கிலியா கார். இங்கே ஒரு தோட்டத்துரையின் ஆஸ்டின், பாதியில் கியர் கையோடு வந்துவிட்டது. இதுவரை இருபத்திரண்டு பந்தயம். அதிகபட்சம் நாலாவது. சுண்டுவிரல் மடங்குவதில்லை, ஸ்டியரிங்குக்கு அது தேவையும் இல்லை.

பெருநாளுக்கு இங்கேயே இருப்பேன். வாப்பா என்னைப் பற்றிக் கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்று சொல். கேட்காவிட்டால் சொல்லாதே.

அலீம்

~

டன்லப் தெரு
14 ஜூன் 1964, ஞாயிறு இரவு

காக்கா,

நான்கு மாதமாக உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று தெரியாமல் பாலஸ்டியர் சாலையில் பழைய பட்டறை முகவரிக்கு அனுப்புகிறேன். யாராவது உங்களுக்குக் கொடுப்பார்கள். வாப்பா உங்களைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சீனியர் கேம்பிரிட்ஜ் பள்ளியிறுதித் தேர்வுக்கு விண்ணப்பத் தாள் கொடுத்தார்கள். தகப்பனார் கையொப்பம் வேண்டும். அவர் பேச்சில்லாமல் ஒரு வருடம் இருந்தேன், ஆனால் இந்தத் தாளைக் கொடுக்கத்தான் கை வரவில்லை. கடைசியில் அவர் மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். மூன்று நாள் அங்கேயே கிடந்தது. நாலாம் நாள் காலை என் பள்ளிப் பைக்குமேல் இருந்தது. கையெழுத்து கோணலாகக் கட்டத்துக்கு வெளியே போயிருந்தது. ஆனால் போட்டிருந்தார். கழிவறைக்குள் போய் அழுதேன்.

இரண்டு நாள் கழித்துப் பள்ளி அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். போன வருடப் புத்தகத்தை நான் கையெழுத்து வாங்காமலே திருப்பிக் கொடுத்திருந்தேன்; அதற்கு முந்தைய ரிப்போர்ட் புத்தகங்களோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். இந்தக் கையெழுத்து உன் தகப்பனாருடையது அல்ல, நீயே போட்டிருக்கிறாய் என்றார் குமாஸ்தா. காக்கா, அத்தனை தாளிலும் வாப்பா தன் கையால் போட்டது அது ஒன்றுதான். தலைமை ஆசிரியை அவரை நேரில் அழைத்துவரச் சொன்னார். வராவிட்டால் தேர்வு இல்லை.

வீட்டில் வந்து சொன்னேன். மறுநாள் கடையைப் பாதியில் மூடிவிட்டு வந்தார். சட்டையில் மல்லித்தூள் வாசம். பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்.

தலைமை ஆசிரியை ஆங்கிலேயர், வாப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. இடையில் நின்று நான்தான் இருவருக்கும் சொல்ல வேண்டியிருந்தது. மேசைமேல் ரிப்போர்ட் புத்தகங்களையும் விண்ணப்பத்தையும் விரித்து வைத்து, இவற்றில் எது உங்கள் கையெழுத்து என்று கேட்டார். தமிழில் சொன்னேன். 

வாப்பா பூதக்கண்ணாடியை எடுத்தார். சந்தையில் வத்தல் பொறுக்குவதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"கோணலா இருக்கறது நான் போட்டது. நேரா இருக்கறதெல்லாம் இவ போட்டது. எனக்குக் கண்ணு தெரியாது. நான் போடச் சொல்லித்தான் போட்டா."

அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். தலைமை ஆசிரியை என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். தன் முன்னாலேயே இன்னொரு முறை போடச் சொன்னார். விரலை வைத்து இடத்தைக் காட்டினார். வாப்பா போட்டார், அதுவும் சரிந்துதான் போனது. அதன் பக்கத்தில் தலைமை ஆசிரியை முத்திரை குத்தி, தேர்வு எழுதலாம் என்றார்.

வேலை முடிந்துவிட்டது. வாப்பா எழுந்தார். எழுந்தவர் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதும் மேசையைப் பார்த்துத்தான் பேசினார்.

"இதுங்க மட்டும் இல்ல. வேற எங்கெல்லாம் இவ என் பேரைப் போட்டிருக்காளோ, அதுவும் நான் போட்டதுதான்."

என்ன சொல்கிறார் என்று தலைமை ஆசிரியை என்னிடம் கேட்டார்.

நன்றி சொல்கிறார் என்றேன்.

சம்சுன்னிசா